நிறுத்தாமல் படித்தவன்

இதை நம்பும்படி நான் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. என் மச்சினனுக்கு இப்போது பேச்சு வராது. சந்தேகம் இருப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அவனோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். மற்றதெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. கண்ணெதிரே என்று சொல்வதுகூடத் தப்பு. நடந்துகொண்டிருந்தபோது என் கண் வேறிடத்தில் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

நான் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்ப்பவன். உரைநடை என்றால் தனியாகவே பார்த்துவிடுவேன். செய்யுள் அப்படியில்லை. ஒரு காற்புள்ளி இடம் மாறினால் வரியே நொண்டிவிடும். அதனால் செய்யுளுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாகப் படிப்பார். மற்றவர் அச்சுத்தாளில் விரல் வைத்துக்கொண்டு தொடர்வார். படிப்பவர் கையில் ஒரு பென்சில் இருக்கும். காற்புள்ளிக்கு மேஜையில் ஒரு தட்டு. முற்றுப்புள்ளிக்கு இரண்டு தட்டு. வரி முடிந்தால் நகத்தால் ஒரு கீறல். டக்... டக் டக்... சர்ர்.

பழகிவிட்டால் அர்த்தம் காதில் ஏறவே ஏறாது. ஏறவும் கூடாது. கதை கேட்க ஆரம்பித்தால் பிழை தப்பிவிடும். கண்ணும் தாளைவிட்டு எழக் கூடாது. எழுந்தால் வரி தப்பிவிடும். சரியாக இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் சின்னதாக ஒரு டிக். இருபது வருடமாக நான் பிழைத்தது இப்படித்தான்.

அப்போது கையில் இருந்த புத்தகம், பழைய கிரேக்க வீரர்களின் கதைகளை ஆங்கிலச் செய்யுளில் மொழிபெயர்த்த ஒரு தொகுப்பு. மொழிபெயர்த்தவர் காலமாகிவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதி ரொம்ப நாள் யார் கவனிப்பும் இல்லாமல் கிடந்து, எப்படியோ எங்கள் முதலாளியிடம் வந்து சேர்ந்திருந்தது. எல்லாக் கதைகளும் முடிந்து கடைசிக் கதை ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். எனக்கு வழக்கமாகப் படித்துத் தரும் அம்மாள், மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். ஆள் இல்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மச்சினனை ஆபீசுக்குக் கூட்டிப் போனேன்.

வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். சின்ன வயதில் வாய் மூடாமல் பேசுவானாம். என் மனைவி வைத்த பெயர். அது கடைசியில் நிஜமாகியும்விட்டது. மூன்று முறை தேர்வுக்குப் போய்த் திரும்பி வந்தவனுக்கு, நான்காவது முறை வானொலியில் செய்தி வாசிக்கும் வேலை கிடைத்துவிட்டது. மறுநாள் காலையில் முதல் செய்தி அறிக்கை. அவனுக்கு அந்தக் குரலைத் தவிர வேறு சொத்து கிடையாது. படிப்பு ஏறவில்லை. கடை வைத்தான், நஷ்டம். குரல் மட்டும்தான்.

கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று அவன் கழுத்தில் மப்ளரைச் சுற்றினாள்.

"நாளைக்குக் காலைல இவன் படிக்கணும். தெரியுதுல்ல?"

"தெரியுது."

"ஐஸ் தண்ணி கூடாது. கத்த விடக் கூடாது. போன தொண்டை அப்படியே திரும்பி வரணும்."

"ஏன்க்கா, மத்த பாகமெல்லாம் திரும்பி வரலைன்னா பரவாயில்லையா?" என்றான் ரேடியோ.

"மத்ததை வெச்சு இதுவரைக்கும் என்ன சாதிச்சே?" என்றாள்.

எங்கள் ஆபீஸ் மாடியில். ஒரே நீள அறை. சுவரோரம் இரும்பு அலமாரிகள், நடுவில் தேக்கு மேஜை, தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். கீழே கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. மழை வருவதுபோல் மூட்டமாக இருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். தட்டும் முறையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பத்து வரியில் பிடித்துக்கொண்டான்.

முதல் ஒரு மணி நேரம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போயிற்று.

"ஏன் மாமா, இந்த ஆளுங்களுக்கு வேற சோலி கிடையாதா? எதிரியைக் குத்துறதுக்கு முன்னாடி அவங்க அப்பா பேரு, தாத்தா பேரு, குதிரையோட அப்பா பேரு எல்லாம் சொல்றாங்க. ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க."

"நீ காற்புள்ளியைத் தட்டு மாப்ள."

"தட்டறேன், தட்டறேன். குத்தறவனே மெதுவாத்தான் குத்தறான். நமக்கென்ன அவசரம்?"

ஐந்து மணிக்கு ஃபிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்தோம். அப்போது அவன் கேட்டான்.

"இது என்ன கதைன்னு தெரியுமா மாமா?"

"தெரியாது. தெரிஞ்சா என் வேலை கெட்டுடும்."

அவனே சொன்னான். ஒரு நகரம். அதைச் சுற்றி ஆறு. எதிரிப் படை அக்கரையில் நிற்கிறது. ஆற்றைக் கடக்க ஒரே ஒரு துறை. அந்தத் துறையில், இடுப்பளவு தண்ணீரில், ஒரே ஒரு வீரன் கேடயத்தோடு தனியாக நிற்கிறான். ஆற்றுத் தேவதை அவனுக்கு ஒரு வரம் கொடுத்திருக்கிறாள். கரையில் நின்று யாராவது அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்வரை எந்த ஆயுதமும் அவனைத் தொடாது. குரல் நின்றால் விழுந்துவிடுவான். அவனுடைய தம்பி கரையில் நின்று கூப்பிடுகிறான். பகலெல்லாம் கூப்பிடுகிறான். ராத்திரியெல்லாம் கூப்பிடுகிறான்.

"ஆத்துல நிக்கறவனைத்தான் எல்லாரும் வீரன்கறாங்க," என்றான் ரேடியோ. "கத்தறவன் பாவம் மாமா. அவனால நிறுத்தவும் முடியாது. அவனுக்கு மாத்து ஆளும் கிடையாது."

"சரி சரி. தொண்டையை மிச்சம் பிடி. இன்னும் ஆறு தாள்தான்."

மறுபடி ஆரம்பித்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் குரலில் ஒரு மாற்றம். கெட்ட மாற்றம் இல்லை. குரல் அகன்றது. எதிரே மூன்றடி தூரத்தில் இருக்கும் எனக்குப் படிப்பதுபோல் இல்லை. தூரத்தில் இருக்கும் யாருக்கோ எட்ட வேண்டும் என்று படிப்பதுபோல் இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பயல் நாளைய செய்திக்கு ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். தலையை நிமிர்த்தவில்லை.

"தாள் ஏன் மாமா ஈரமா இருக்கு?" என்று நடுவில் ஒருமுறை கேட்டான்.

"ஜன்னல் சாரலா இருக்கும். படி."

அவனாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

டக்... சர்ர். டக்... டக் டக். சர்ர்.

டிக். டிக். டிக்.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். தட்டு முந்தி வந்தது. வார்த்தை முடிந்து, அதன் பிறகுதான் தட்டு விழ வேண்டும். இங்கே தட்டு முதலில் விழுந்தது. அதற்குப் பிறகு வார்த்தை முடிந்தது. யாரோ தாளம் போட, அதற்கு ஏற்றபடி இவன் படிப்பதுபோல.

புதுப் பழக்கம், சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் இன்னொன்று. தாள் திருப்பும் சத்தம் ரொம்ப நேரமாகக் கேட்கவே இல்லை. ஆனால் படிப்பு நிற்கவில்லை. மூச்சு வாங்கும் இடைவெளிகூட இல்லை...

என் அச்சுத்தாளில் விரல் இறங்கிக்கொண்டே இருந்தது. அவன் படித்த ஒவ்வொரு வரியும் என் தாளில் அச்சாகி இருந்தது. வார்த்தைக்கு வார்த்தை சரி. புள்ளிக்குப் புள்ளி சரி. எனக்கு வேறு என்ன வேண்டும்? அந்த வரிகளைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்.

ஆற்றைப் பார்க்காதே, அருகில் இருப்பவனைப் பார்,

டிக்.

பென்சில் என் கையை விட்டு விழுந்து வெகு நேரம் ஆயிற்று,

டிக்.

என் அக்காளின் கணவனே, தலையை நிமிர்த்து.

டிக்.

என்னால் நிறுத்த முடியவில்லை, இந்தத் தாளைப் பிடுங்கு,

டிக்.

அடுத்த வரிக்கு விரல் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

பென்சிலா?

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வீரகதையில் பென்சில் எங்கிருந்து வந்தது?

நிமிர்ந்து பார்த்தேன்.

மணி ஆறு ஐம்பது.

ரேடியோ நேராக உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்து மப்ளர் நனைந்திருந்தது. எவ்வளவு நேரமாக அழுகிறானோ தெரியவில்லை. கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. குரலில் மட்டும் அழுகை இல்லை. கம்பீரமாகப் படித்துக்கொண்டிருந்தது.

அவனுடைய இரண்டு கைகளும் தாளை இறுகப் பிடித்திருந்தன. பென்சில் தரையில் கிடந்தது.

டக்... டக் டக்.

மேஜையில் தட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது.

பாய்ந்து தாளைப் பிடுங்கினேன். ஈரமாக இருந்தது. சாரல் பட்ட ஈரம் இல்லை. ஊறிப்போன ஈரம்.

அவன் படித்துக்கொண்டே இருந்தான்.

"மாப்ள, போதும். நிறுத்து."

நிறுத்த முயன்றான். நான் பார்த்தேன். தாடை நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. வார்த்தை வந்துகொண்டே இருந்தது.

வாயைப் பொத்தினேன். நன்றாக, அழுத்திப் பொத்தினேன். உள்ளங்கைக்குக் கீழே அவன் உதடு அசையவில்லை.

சத்தம் குறையவில்லை.

கையை எடுத்துவிட்டேன். என்னால் அதற்கு மேல் அங்கே கையை வைத்திருக்க முடியவில்லை.

அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். ஒல்லியான பையன். அசைக்க முடியவில்லை. கால் எதிலோ புதைந்திருப்பதுபோல் கனத்தது. குனிந்து பார்த்தேன். பேண்ட் இடுப்புவரை நனைந்து ஒட்டியிருந்தது.

தரை காய்ந்திருந்தது.

கீழே ஓடிப் போய் ஆளைக் கூப்பிடலாம் என்று தோன்றியது. இரண்டடி வைத்தேன். அவன் கண் என் பின்னாலேயே வந்தது. போகாதே என்று கெஞ்சியது. திரும்பி வந்துவிட்டேன். மனைவிக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, யாரு அது கத்தறது?"

"உன் தம்பிதான். நிறுத்த மாட்டேங்கறான். நீ சொல்லு. நீ சொன்னா கேப்பான்."

"அவனா? பக்கத்துலயா இருக்கான்? எங்கயோ தண்ணிக்கு அந்தப் பக்கம் இருந்து கூப்பிடற மாதிரி இருக்கு..."

போனை அவன் காதில் வைத்தேன். அவள் பேசுவது எனக்கும் கேட்டது. டேய் கண்ணா, போதும்டா, அக்கா சொல்றேன், நாளைக்கு வேலைக்குப் போகணும்டா, நிறுத்துடா.

அவன் இமை துடித்தது.

குரல் நிற்கவில்லை.

கடைசியாக எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பிடுங்கிய தாளை விரித்து, கண்ணில் பட்ட வரியிலிருந்து நானே சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். இவனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. ஒரு வரி. இரண்டு வரி. பத்து வரி.

ஒரு தட்டுக்கூட விழவில்லை எனக்கு.

என் குரல் கரகரத்த குரல். அது யாருக்கும் வேண்டாம்.

தாளைக் கீழே போட்டுவிட்டு அவன் எதிரே மண்டியிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? அவன் படித்தான். நான் கேட்டேன். அந்த வேலையில் முதல் முறையாக, ஒவ்வொரு வார்த்தையையும் அர்த்தத்தோடு கேட்டேன். நில், அண்ணா, நில். விழாதே. நான் கூப்பிடுகிறேன். நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்...

ஏழு இருபதுக்கு அது முடிந்தது.

முடிந்தது என்று சொல்லக் கூடாது.

நகர்ந்தது.

குரல் அவன் வாயிலிருந்து கொஞ்சம் விலகியது. மேஜைக்கு இந்தப் பக்கம் கேட்டது. பிறகு கதவருகே.

பிறகு மாடிப்படியில்.

இறங்கி... தெருவில்... மழைக்குள்.

படித்துக்கொண்டே போயிற்று. நிற்கவே இல்லை.

எனக்குக் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டது.

ரேடியோ வாயைத் திறந்தான். மூச்சு மட்டும் வந்தது.

மேஜையில் கிடந்த என் அச்சுத்தாளை எடுத்தேன். கதை தாளின் பாதியிலேயே முடிந்திருந்தது. கீழே வெறும் வெள்ளை. அந்த வெள்ளையின் ஓரத்தில், தாளின் அடிவரை, என் கையால் போட்ட டிக்குகள்.

மறுநாள் காலைச் செய்தியை வேறு யாரோ வாசித்தார்கள். என் மனைவி அதை முழுக்கக் கேட்டாள். பிறகு வானொலிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிச் சுற்றி வைத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். குரல் நாண்கள் ஆரோக்கியமாக இருக்கின்றனவாம். "மனசு வெச்சா பேசலாமே தம்பி," என்றார் இரண்டாவது டாக்டர். ரேடியோ அவரைப் பார்த்துச் சிரித்தான். சத்தம் வராத சிரிப்பு.

புத்தகம் வெளிவந்தது. வழக்கப்படி கையெழுத்துப் பிரதியை மொழிபெயர்த்தவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து, ஒரு சாயங்காலம், வீட்டுக்குப் போன் வந்தது. அவருடைய மனைவி. வயதான குரல். ஊர் இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம்.

"கட்டு வந்து சேர்ந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்தப் பையனுக்கும் நன்றி சொல்லிடுங்க."

"எந்தப் பையன்ம்மா?"

"நீங்க அனுப்பி வெச்ச பையன்தான். எங்க வீட்டுக்காரர் அறையில உக்காந்து படிக்கறானே. நல்ல குரல். வெண்கல மணி மாதிரி."

எதிரே நாற்காலியில் ரேடியோ. பக்கத்தில் என் மனைவி.

"எப்பலேர்ந்தும்மா?"

"மழை பெஞ்ச ஞாயித்துக்கிழமை ராத்திரிலேர்ந்து. முதல்ல வெளியில தெருவுல கேட்டுச்சு. அப்புறம் உள்ளயே வந்துடுச்சு."

"அம்மா... அந்த அறையில இப்ப யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல. இருந்தா நான் ஏன் உங்களுக்குப் போன் பண்றேன்?" என்றார், சாதாரணமாக. "இதோ, கேளுங்க."

போனை எங்கோ கொண்டு போனார். செருப்புச் சத்தம். கதவு.

கேட்டது.

எங்கள் ரேடியோவின் குரல். பின்னால், தண்ணீர் ஓடும் சத்தம்.

"நாங்க இப்பவே கிளம்பி வர்றோம்மா. அதை நிறுத்தியாகணும்."

கதவை மெதுவாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வேண்டாம்ப்பா. அப்படிச் செய்யாதீங்க," என்றார். "இதுக்கு முன்னாடி அந்த அறையில படிச்சிட்டிருந்தது எங்க வீட்டுக்காரர். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகுது. ஒரு ராத்திரிகூட நிறுத்தினதில்ல. கடைசிலே குரல் நூலா இழைஞ்சு போச்சு. உங்க பையன் வந்த அன்னிக்குத்தான் அவர் ஓய்ஞ்சார். இப்பத்தான் தூங்கறார். இந்தப் பையன் நிறுத்தினா அவர் மறுபடி எழுந்திருக்கணும்."



"நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல," என்றார் அந்த அம்மாள். "பையனுக்குத் தொண்டை கம்மற மாதிரி இருக்கு. அதான் இப்பக் கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி கொண்டு போய் வெச்சேன். திரும்பி வந்து பாத்தா, சொம்பு காலி."

போனை வைத்தேன். என் மனைவி முகத்தில் கேள்வி. நான் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே, என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தம்பியிடம் நீட்டினாள். காலையிலிருந்து அவன் பல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

ரேடியோ டம்ளரை மெதுவாக நகர்த்தினான். வயிற்றைத் தொட்டுக் காட்டினான்.

வேண்டாமாம்.

இப்போதுதான் குடித்தானாம்.